நாம் சிதைத்த சிற்றில்

திருத்தணிக்கு நாம் பங்குத் தந்தையாக வந்து சேர்ந்தது 2019ஆம் ஆண்டின் கோடையில். மாலைத் திருப்பலிக்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தை ஆலய வளாகத்துப் புங்க மரத்தடியில் கழிப்பது அன்று முதல் நம் வழக்கமாயிற்று. எதிரே முருகன் மலை. ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் எறும்பு வரிசையாய்த் தெரிவார்கள். மரத்தடியில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்தாலே இவ்வூரை அறிந்துகொள்ளலாம். ஆடிக் கிருத்திகை கழிந்த வாரத்தில் குச்சியை வளைத்துப் பூக்கட்டித் தோளில் சுமந்து காவடி ஆடுவார்கள். நால்வர் கயிற்றுக்குள் நின்று பேருந்தாகி ஓட, ஒருவன் நடத்துநராகி, “நகரி, புத்தூர், திருப்பதி” என்று கூவுவான். புங்க இலைதான் பயணச்சீட்டு. சில்லறைத் தகராறு பாதி தமிழில் நடக்கும். பாதி தெலுங்கில் நடக்கும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. பெரியவர்கள் போராடி வரைந்த அந்த எல்லைக் கோட்டைப் பிள்ளைகளின் கயிற்றுப் பேருந்து மாலைக்குப் பத்து முறை கடந்து போய் வரும். நெசவாளர் வீட்டுச் சிறுமியர் இரண்டு குச்சிகளுக்கிடையே நூலைக் கட்டி, விசைத்தறியின் ஓசையை வாயாலேயே எழுப்பிப் புடவை நெய்வார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் என்ன? கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எவரும் பூசை விளையாட்டை மறந்திருக்க முடியாது. நாமும் ஆறு வயதில் பாட்டியின் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பித்தளைத் தம்ளரைக் கிண்ணமாக்கி, வட்டமாக வெட்டிய அப்பளத்தை உயர்த்திப் பிடித்துப் பூசை வைத்தவர்தாம். தம்பிதான் பீடச் சிறுவன். மணி அடிக்க வேண்டிய இடத்தில் அவன் அப்பளத்தைக் கடித்துவிட, பூசை சண்டையில் முடிந்தது. பிற்காலத்தில் குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது, ருஃபீனுஸ் என்னும் பழைய ஆசிரியர் எழுதிவைத்த ஒரு கதை நம்மைச் சிரிக்க வைத்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் அலெக்சாந்தர் ஒருநாள் கடற்கரையில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டார். ஒருவன் ஆயராக நடித்து, மற்றவர்களைக் கடல்நீரில் மூழ்கச் செய்து திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்களை அழைத்து விசாரித்தார். வேண்டிய சொற்களெல்லாம் முறைப்படி சொல்லப்பட்டிருந்தன. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு மீண்டும் திருமுழுக்கு வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தாராம். ஆயராக நடித்த அந்தச் சிறுவனே பின்னாளில் புனித அத்தனாசியார் ஆனார் என்பது கதை. கணக்குப் பார்த்தால் வயது பொருந்தவில்லை என்று வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். இருக்கட்டும். பிள்ளைகளின் விளையாட்டை ஓர் ஆயர் அவ்வளவு மதித்தார் என்று எண்ணிப் பார்க்கத் திருச்சபை ஒரு காலத்தில் தயங்கவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

தமிழுக்கும் இது புதிதன்று. மணலில் சிறுமியர் கட்டும் வீட்டுக்குச் சிற்றில் என்றும், அதில் சமைக்கும் மணற்சோற்றுக்குச் சிறுசோறு என்றும் நம் முன்னோர் பெயரிட்டு வைத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்க வருகிறான் தலைவனாகிய சிறுவன். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு திருமொழி முழுவதும் இந்தக் கெஞ்சலாகவே அமைந்திருக்கிறது. கலித்தொகையில் குறிஞ்சிக் கலியின் தலைவி, வாசலில் வந்து நின்றவனைத் தோழிக்கு அடையாளம் காட்டும்போது, அன்று நம் மணல்வீட்டைக் காலால் கலைத்தவன்தானே இவன் என்றே தொடங்குகிறாள். வீடு மணலால் ஆனதுதான். ஆனால் கலைத்தவனை அவள் மறக்கவில்லை.

இவையெல்லாம் நாம் படித்தவை, பாடம் சொன்னவை. ஆயினும் ஒரு சிற்றிலைச் சிதைத்த பழி நம்மேலும் விழுந்தது.

* * *

பெருந்தொற்றுக் காலத்தை நினைவுகூர எவருக்கும் விருப்பமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. புங்க மரத்தடி வெறிச்சோடியது. பாடங்கள் கைப்பேசிக்குள் புகுந்தன. ஒருவேளைச் சோற்றைக் குறைத்தேனும் பெற்றோர் பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தர வேண்டியதாயிற்று. நம் பங்கைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளர் குடும்பம் ஒன்றும் அப்படித்தான் தவணையில் ஒன்றை வாங்கியது. அவ்வீட்டில் அப்பொழுது ஏழு வயதில் ஒரு சிறுமி. தாயும் தந்தையும் தறிக்குப் போய்விட, அவளை வளர்த்தவர் பாட்டி. இப்பகுதி வழக்கப்படி ‘ஆயா’ என்றே அழைப்பாள்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் அலை தமிழகத்தை உலுக்கியபோது அந்த ஆயா நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றார், திரும்பவில்லை. உறையிட்டுக் கட்டிய உடல் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. வீட்டு வாசலில்கூட இறக்கவில்லை. வந்திருந்தவர்கள் ஆறேழு பேர். நாம் பாதுகாப்பு அங்கி அணிந்து, முகக்கவசத்தின் மேல் இன்னொரு கண்ணாடித் திரையும் மாட்டி, எட்டி நின்று செபித்தோம். அன்று அது நமக்கு மூன்றாவது அடக்கம். மாலைக்குள் இன்னொன்று இருந்தது. பாடல் இல்லை, தூபம் இல்லை, முகம் பார்த்தல் இல்லை. ஒருவர் ஒரு பிடி மண் போடுவதற்குள் அடுத்த ஊர்தி வந்துவிட்டது. செபங்களைச் சுருக்கினோம். வேறு வழியில்லை என்று அன்று எண்ணினோம். இன்றும் அவ்வாறே எண்ணுகிறோம். ஆனால் வழியில்லாமல் விட்டதும் விட்டதுதானே? அந்தக் கணக்கை நாம் அதன்பின் திறந்து பார்க்கவே இல்லை.

ஓராண்டு கழிந்தது. 2022 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் வளாகத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் மரத்தடியில் ஆட்டம் இல்லை. ஆளுக்கொரு மூலையில், அல்லது ஒரு கைப்பேசியைச் சுற்றி ஐந்து தலைகளாய், குனிந்தே இருந்தார்கள். நமக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிறு மறையுரையில் கைப்பேசி விளையாட்டுகளைக் கடுமையாகச் சாடினோம். “உங்கள் பிள்ளைகள் இல்லாத வீட்டில் குடியிருக்கிறார்கள், இல்லாத மனிதரோடு பேசுகிறார்கள். இன்றே வீட்டுக்குப் போய் அந்த விளையாட்டுகளை அழித்துவிடுங்கள்” என்று முழங்கினோம். திருப்பலி முடிந்ததும் பலர் வந்து கைகுலுக்கினர். இப்படிப்பட்ட மறையுரைதான் சாமி வேண்டும் என்றனர். நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

* * *

அக்டோபர் மாத இறுதியில், இறந்தோர் நினைவு நாள் திருப்பலிக்குப் பெயர் எழுதிக்கொடுக்க அந்தச் சிறுமியின் தாய் வந்தார். மகளும் உடன் வந்திருந்தாள். ஒன்பது வயது. தாய் பெருமையோடு சொன்னார்:

“நீங்க பிரசங்கத்துல சொன்ன அன்னைக்கே அழிச்சுட்டேன் சாமி. அதுக்கப்புறம் இவ செல்லைத் தொடறதே இல்லை.”

நாம் அவளைப் பாராட்டத் திரும்பினோம். அவள் நம் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

“ஃபாதர், அழிச்ச ஊரு திரும்பி வருமா?”

என்ன ஊர் என்று கேட்டோம். சிறிது சிறிதாகத்தான் சொன்னாள். பொம்மை மனிதர்களை வைத்து வீடு, கடை, மருத்துவமனை என ஓர் ஊரையே நடத்தும் ஆட்டம் அது. அதில் அவள் தன் வீட்டைக் கட்டியிருந்தாள். அப்பா, அம்மா, பெரியப்பா, எதிர்வீட்டு அக்கா என எல்லாருக்கும் ஒவ்வொரு பொம்மை. நரைத்த தலையோடு ஒரு பொம்மை ஆயா. நாள்தோறும் மாலையில் ஆயாவைக் கட்டிலில் படுக்க வைப்பாள். பொம்மைகளை ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவாள். ஒவ்வொருவரும் ஆயாவின் அருகே வந்து நின்று போக வேண்டும். பூ வைக்க வேண்டும். பிறகு எல்லாருக்கும் சோறு. ஆயாவின் அடக்கத்தை அவளுடைய மாமா கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஏழு நிமிடக் காட்சி. அதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

“நீங்க அன்னைக்கு வேக வேகமா ஜெபம் சொல்லிட்டீங்க இல்ல ஃபாதர்? அதனாலதான் நான் மெதுவா செஞ்சேன்.”

தாய் அவளை அதட்டினார். நாம் தடுத்தோம். பங்குத் தந்தைக்கும் ஒரு பொம்மை இருந்ததா என்று கேட்டோம். இருந்ததாம். அங்கி போட்ட பொம்மை கிடைக்காததால் மருத்துவர் பொம்மையை வைத்தாளாம். “நீங்களும் அன்னைக்கு டாக்டர் மாதிரிதானே இருந்தீங்க” என்றாள்.

அடக்கம் முடிந்தபின் ஆயா என்ன ஆவார் என்று கேட்டோம். அவள் நம்மை விசித்திரமாகப் பார்த்தாள். “மறுநாள் காலைல எழுந்து டீ போடுவாங்க” என்றாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மத்தேயு நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தை எடுத்தோம். சந்தை வெளியில் அமர்ந்து விளையாடும் சிறுவரைப் பற்றி ஆண்டவர் பேசும் இடம். அவர்கள் குழல் ஊதித் திருமண ஆட்டம் ஆடுகிறார்கள். தோழர்கள் கூத்தாட வரவில்லை. ஒப்பாரி வைத்து இழவு ஆட்டம் ஆடுகிறார்கள்; தோழர்கள் மாரடிக்கவும் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக இப்பகுதிக்கு விளக்கம் சொல்லி வருகிறோம். பாலஸ்தீனத்துப் பிள்ளைகள் திருமணத்தையும் சாவையும் விளையாடினார்கள் என்பதும், நாசரேத்துத் தெருவில் வளர்ந்தவர் அதைக் கூர்ந்து பார்த்திருந்தார் என்பதும் அன்றிரவுதான் நமக்கு உறைத்தது. நம் பங்கில் ஒரு சிறுமி ஓராண்டு ஒப்பாரி வைத்திருக்கிறாள். நாம் மாரடிக்க வரவில்லை. அது மட்டுமா? ஒப்பாரியையே நிறுத்தச் சொன்னோம்.

* * *

அதன்பின்தான் இந்த விளையாட்டுகள் எவை என்று அறிய முற்பட்டோம். அழிக்கச் சொல்லுமுன் செய்திருக்க வேண்டிய வேலை.

வாழ்க்கையை விளையாடும் இத்தகைய கணினி ஆட்டங்களுள் உலகப் புகழ் பெற்றது ‘தி சிம்ஸ்’. அமெரிக்கரான வில் ரைட் என்பவர் உருவாக்க, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் பிறப்பிலேயே ஓர் இழப்பு இருக்கிறது. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்துபோயிற்று. மீண்டும் ஒரு குடும்பத்தை ஒவ்வொரு பொருளாக நிறுவ நேர்ந்தபோது, ஒரு வீட்டுக்கு உண்மையில் எவை வேண்டும் என்ற கேள்வி அவருள் எழுந்தது. வீடு கட்டும் ஆட்டமாகத் தொடங்கியதில், வீடு நன்றாக இருக்கிறதா என்று சொல்வதற்காகச் சிறு மனிதர்களைக் குடிவைத்தார். வீட்டைவிட அம்மனிதர்களே சுவையானவர்கள் என்பது பின்னரே தெரிந்தது. இது வெறும் பொம்மை வீடு, யார் வாங்குவார்கள் என்று அவருடைய நிறுவனத்தார் தயங்கினார்களாம். இரண்டே ஆண்டுகளில் அதுவரை வெளிவந்த கணினி ஆட்டங்களுள் மிகுதியாக விற்றது என்னும் பெயரை அது பெற்றது. பொம்மை வீட்டின் வலிமையைப் பெரியவர்கள் குறைத்து மதிப்பிடுவது நம் ஊரில் மட்டும் நிகழ்வதன்று!

அதற்கு முன்பே 1996இல் சப்பானின் பந்தாய் நிறுவனம் தமகோச்சி என்ற முட்டை வடிவப் பொம்மையை விற்றது. அதனுள் வாழும் சிற்றுயிருக்கு வேளைக்கு உணவு தராவிட்டால் அது இறந்துபோகும். 2016இல் எரிக் பரோன் என்னும் ஒற்றை மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே உழைத்து வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யில், பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்தில் பேரப்பிள்ளை பயிர் செய்கிறது. 2020 மார்ச் 20 அன்று, உலகம் வீட்டுக்குள் பூட்டப்பட்ட அதே வாரங்களில் வந்தது ‘அனிமல் கிராசிங்’கின் புதிய பதிப்பு. ஆலயத்திலும் மண்டபத்திலும் நடத்த முடியாத திருமணங்களையும் பட்டமளிப்புகளையும் மக்கள் அதன் தீவுகளில் கூடி நடத்தினார்கள். சிற்றில், சிறுசோறு, சிறுதேர் என்று நம் முன்னோர் சொன்னவை புதிய மணலில் எழுந்திருக்கின்றன.

இறையியல் பயின்ற நமக்கு ஒரு செய்தி தனி வியப்பைத் தந்தது. ‘சிம்ஸ்’ ஆட்டத்தில் அம்மனிதர்களின் தன்விருப்பத்தை இயக்கவோ நிறுத்தவோ ஒரு விசை உண்டு. நிறுத்திவிட்டால் ஆடுபவர் சொன்னால்தான் உண்பார்கள். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்கள். இயக்கிவிட்டாலோ சண்டையிடுவார்கள், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறப்பார்கள், குப்பையைக் கூட்டாமல் கிடப்பார்கள். ஆயினும் ஆடுவோர் தன்விருப்பத்தை இயக்கிவைத்துப் பார்ப்பதில் இன்பம் காண்கிறார்கள். ஏனெனில் எல்லாவற்றையும் தாமே ஆட்டுவிக்கும் உலகில் வியப்புக்கு இடமில்லை. கடவுள் மனிதனுக்கு ஏன் சுதந்திரம் தந்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்கும் மாணவனுக்கு, அகுஸ்தினாரைத் திறக்குமுன் இந்த விசையைக் காட்டலாம். வேடிக்கையாக மனிதரைக் குளத்தில் இறக்கி ஏணியை எடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டென்று படித்தோம். நாமும் எறும்புப் புற்றில் நீர் ஊற்றியவர்தாமே? தன் கையில் அதிகாரம் வந்தால் தான் என்ன செய்யக்கூடும் என்பதைப் பிள்ளை அங்கே அறிகிறது. அப்பொழுது அருகில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது.

உருசிய உளவியலாளர் விகோட்ஸ்கி, 1933இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் ஒரு செய்தியை எடுத்துக்காட்டினார். உண்மையிலேயே அக்காவும் தங்கையுமான இரு சிறுமியர், ‘நாம் அக்கா தங்கையாக விளையாடலாமா’ என்று ஆடினார்களாம். வாழ்க்கையில் எண்ணாமல் அக்காவாக இருப்பவள், ஆட்டத்தில் அக்கா என்பவள் எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணி நடக்கிறாள். ஆகவே பாவனை என்பது உண்மையிலிருந்து ஓடிப்போவதன்று. உண்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது.

இதையே நம் குருமடத்துப் பாடத்தில் வேறு சொற்களில் படித்திருந்தோம். ரோமானோ குவார்தினி 1918இல் வெளியிட்ட திருவழிபாட்டின் உட்பொருள் பற்றிய நூலில், வழிபாட்டைக் குழந்தையின் விளையாட்டோடு ஒப்பிட ஓர் இயலையே ஒதுக்கினார். இரண்டும் பயன் கருதிச் செய்யப்படுவன அல்ல; ஆயினும் பொருள் நிறைந்தவை. இரண்டுக்கும் கடுமையான விதிகள் உண்டு. உடையும் இடமும் சொல்லும் வரிசையும் பிசகக் கூடாது. புனித தோமா அக்குவினாரோ, அளவறிந்து விளையாடுவதை ஒரு நற்பண்பாகவே கணக்கிட்டு, விளையாட்டே அறியாத கடுமையைக் குறையென்றார். இவற்றையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆனால் ஒரு சிறுமி, யார் முதலில், யார் பின்னர், எங்கே பூ, எப்பொழுது சோறு என்று முறை வகுத்து நாள்தோறும் நிறைவேற்றிய வழிபாட்டை, ‘இல்லாத வீடு’ என்று சொல்லிவிட்டோம்.

* * *

இதனால் கைப்பேசிக்கு நாம் நற்சான்று வழங்கிவிட்டதாக எவரும் கொள்ளலாகாது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமல் உணவும் உறக்கமும் படிப்பும் சிதையும் நிலையை, உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அவ்வகைப்பாடு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிந்ததையும், அதன் பொருட்டுத் தமிழகம் 2022இல் சட்டம் இயற்றியதையும் அறிவோம். வாழ்க்கை விளையாட்டுகளிலும் கடைக்காரன் புகுந்துவிட்டான். மணல்வீட்டுக்கு இன்னொரு அறை வேண்டுமென்றால் இன்னொரு பிடி மணல் போதும். இங்கோ பல அறைகள் பூட்டிக்கிடக்கின்றன. சாவிக்கு விலை உண்டு. மண்ணின் ஈரமும் தோழியின் சண்டையும் கண்ணாடித் திரையில் இல்லை. அப்பளத்தைக் கடிக்கும் தம்பியும் அதில் இல்லை.

ஆனால் மருத்துவர் நாடி பார்த்த பின்பே மருந்து சொல்கிறார். நாம் நாடி பார்க்காமல் மருந்து சொன்னோம். சூதாட்டமும், சுட்டுத்தள்ளும் ஆட்டமும், ஆயாவைப் படுக்க வைக்கும் ஆட்டமும் நமக்கு ஒரே பெயரில் தெரிந்தன. பெற்றோருக்கு நாம் இப்பொழுது சொல்லக்கூடியது சிறிதுதான். பறிக்குமுன் ஒருமுறை பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். “இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். விடையைக் கேட்டபின், நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் குறையுங்கள். நிறுத்த வேண்டுமானால் நிறுத்துங்கள். அப்பொழுதும் குடியிருப்போரை அறிந்த பின்பே வீட்டைக் கலைத்தவர் ஆவீர்கள்.

* * *

மறுநாளே அவர்கள் வீட்டுக்குச் சென்று அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டோம். தாய் திகைத்துப்போனார். ஆட்டத்தை மீண்டும் இறக்கித் தரச் சொன்னோம். அவரும் இறக்கிக் கொடுத்தார். புதிதாகத் திறந்த ஊர் வெறுமையாக இருந்தது. சிறுமி சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இது அது இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாம் அழித்ததை நம்மால் மீட்டுத்தர முடியவில்லை. இதை எளிதாகக் கடந்துபோக நமக்கு உரிமையில்லை.

“அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?” என்று கேட்டோம். சற்று யோசித்தாள். “கல்லறைல மெதுவா செய்யலாமா ஃபாதர்?” என்றாள்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்தில் பொதுச் செபம் சொல்லி, வரிசையாக நடந்தபடியே கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிப்பதுதான் நம் வழக்கம். அவ்வாண்டு பொதுவழிபாடு முடிந்தபின் ஆயாவின் கல்லறைக்குச் சென்று நின்றோம். முழு அங்கியும், தூபக்கலமும், பாடகர் நால்வரும் இருந்தார்கள். குடும்பத்தார் கூடினார்கள். சிறுமிதான் முறை வகுத்தாள். “பெரியப்பா, நீங்க இங்க. அக்கா, நீ பூவை அப்புறம் வை. ஃபாதர், நீங்க தலைமாட்டுல.” எவரும் மறுக்கவில்லை. அடக்கத் திருச்சடங்கின் செபங்களை ஒன்றுவிடாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னோம். ஒவ்வொருவராக வந்து நின்று, பூ வைத்து, விலகினார்கள். அவளுடைய தந்தை அன்றுதான் வாய்விட்டு அழுதார். மாமா தம் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை. முடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிறகு அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் சோறு.

அதைக் கண்ட பிற குடும்பத்தாரும் நம்மிடம் வந்தனர். 2020, 2021 ஆண்டுகளில் அவசரமாக அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலை ஆவணப் பதிவேட்டிலிருந்து எடுத்து, மாதம் ஒரு குடும்பமாக, அதே முறையில் செபித்தோம். அந்தப் பட்டியல் நீளமானது. நாம் திறக்க அஞ்சிய கணக்கு அதுவே.

அவ்வாண்டு திருவருகைக் காலத்தில் ஆலயக் குடில் கட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டோம். 1223இல் புனித பிரான்சிசு அசிசியார் கிரேச்சியோவில் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கியதும் ஒரு வாழ்க்கை விளையாட்டுத்தானே? நம் பிள்ளைகள் கேழ்வரகை முளைக்க வைத்து வயலாக்கினார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாயிற்று. பெத்லகேமுக்குப் பின்னால் 365 படி இல்லாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு படிகளோடு ஒரு மலை எழுந்தது. அடிவாரத்தில் தறிக்கூடம் ஒன்றும், திருப்பதி செல்லும் பேருந்து ஒன்றும் நின்றன.

நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் குடிலை மந்திரிக்கச் சென்றோம். இடையருக்கும் ஞானியருக்கும் நடுவே, நவராத்திரிக் கொலுக்கடையில் வாங்கிய ஒரு மண்பொம்மை புதிதாக நின்றது. நரைத்த தலை; கையில் ஒரு தம்ளர். பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், இது யார் வைத்தது, எடுத்துவிடட்டுமா சாமி என்று கேட்டார்.

இருக்கட்டும் என்றோம். தீர்த்தத்தை அந்தப் பொம்மையின் மேலும் தெளித்தோம்.